அப்டேட் வந்தா நம்ம கையும் மாறணுமா?

3 ஜூன் 2025 (தருமபுரியிலிருந்து ஒருத்தர் போட்ட கேள்வி)

டிசைன் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகும்போதெல்லாம் டிடிபி கடைக்காரங்க ஒரே புலம்பல். ஒரு மெனு இடம் மாறிச்சுன்னா ஒரு வாரத்துல கை பழகிடப் போவுது. கத்துக்கச் சோம்பல், அதை மறைக்க "பழசுதான் நல்லா இருந்துச்சு"ன்னு ஒரு பாட்டு. நான் சொல்றது தப்பா?

3 ஜூன், ராத்திரி

தப்புதான். அந்த ஒரு வாரத்துக்கு யார் கூலி கொடுக்கிறது?

கிருஷ்ணகிரியில பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, மாங்காய்ப் பெட்டி லேபிள்னு எது வந்தாலும் செய்ற கடை என்னுது. நம்ம பக்கத்துல டிசைனுக்குன்னு தனியா யாரும் காசு எடுத்து வைக்கிறதில்ல. பிளெக்ஸ்னா சதுர அடிக் கணக்கு, பத்திரிகைன்னா நூத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. டிசைன் அதுக்குள்ள அடக்கம். "சும்மா பேர் மாத்தறதுதானே"ம்பாங்க. அப்போ நமக்கு நாலு காசு மிச்சமாகறது வேகத்துல மட்டும்தான்.

கஸ்டமர் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருப்பார். தாய்மாமன் போட்டோ சின்னதா இருக்கு, குலதெய்வம் பேரு மேல வரணும், பொண்ணு ஊரு விட்டுப்போச்சு. அவர் வாயிலிருந்து வர்றதும் என் கை செய்றதும் ஒண்ணா ஓடணும். கை நின்னு மெனுவைத் துழாவிச்சுன்னா அவர் மூஞ்சி மாறிடும். "தம்பி வேலைக்குப் புதுசா?"ன்னு என் கடையில என்னையே கேட்டிருக்காங்க.

4 ஜூன்

மாத்தறதுலயும் வகை இருக்கு, எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க.

ஒரு வசதியை அடியோட தூக்கிடறது ஒண்ணு. இடத்தை மாத்தறது இன்னொண்ணு. நாங்க டிசைன் பண்ற கோரல் டிரா சாஃப்ட்வேர்ல எக்ஸ்7 வெர்ஷன் 2014-ல வந்தப்போ அரேஞ்ச் மெனுவையே காணோம். ஆப்ஜெக்ட்னு பேர் மாறியிருந்துச்சு, எஃபெக்ட்ஸ்ல இருந்த பவர்கிளிப்பும் (ஒரு வடிவத்துக்குள்ள படத்தை அடைக்கிற வசதி) அங்க போய் உக்காந்துக்கிச்சு. தேடினோம், கிடைச்சது, முடிஞ்சது. இதுக்கு உங்க ஒரு வாரக் கணக்கு செல்லும்.

மூணாவது ஒண்ணு இருக்கு. கீ அதேதான், செய்ற வேலை வேற. உப்பு டப்பாவைப் பரண்ல ஏத்திட்டா தேடி எடுத்துக்கலாம். அதே டப்பாவுல சர்க்கரையைக் கொட்டி வெச்சா குழம்பை வாயில வெச்சப்புறம்தான் தெரியும்.

2018 அக்டோபர்ல போட்டோஷாப் சிசி 2019 வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுவரைக்கும் கன்ட்ரோல் இசட் ஒரே ஒரு படிதான் பின்னால போகும். மறுபடி அழுத்தினா முன்னாடி வந்துடும். இன்னும் பின்னால போகணும்னா ஆல்ட்டும் சேர்த்து அழுத்தணும். வெளியாளுங்களுக்கு இது கோணல் புத்தியா தெரியும், ஏன்னா மத்த பெரும்பாலான சாஃப்ட்வேர்லயும் கன்ட்ரோல் இசட் அழுத்த அழுத்தப் பின்னால போய்க்கிட்டே இருக்கும். ஆனா நமக்கு அந்தக் கோணல்தான் வேலைக்கருவி. முகத்துல வெளிச்சத்தைக் கூட்டிட்டு கன்ட்ரோல் இசட், கன்ட்ரோல் இசட்னு தட்டி முன்ன எப்படி, பின்ன எப்படின்னு கண்ணால ஒப்பிட்டுப் பார்ப்போம். கஸ்டமருக்கும் அப்படியே காட்டுவோம். புது வெர்ஷன்ல ரெண்டாவது தட்டு அதுக்கு முந்தின வேலையையும் சேர்த்துக் கலைச்சிடும். அந்த ஒப்பிடற வேலையை கன்ட்ரோல் ஆல்ட் இசட்டுக்குக் கொடுத்துட்டாங்க. ரெண்டு கீயும் கிட்டத்தட்ட வேலையை மாத்திக்கிச்சு.

அதே அப்டேட்ல ஷிப்ட் கீயும் தலைகீழா போச்சு. ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்ல படத்தை அளவு கெடாம பெரிசாக்க ஷிப்ட்டைப் பிடிச்சு இழுக்கறது பல வருஷப் பழக்கம். புதுசுல ஒண்ணும் பிடிக்காம இழுத்தாத்தான் அளவு கெடாது. ஷிப்ட்டைப் பிடிச்சா முகம் சப்பையாயிடும். இதுல கொடுமை என்னன்னா, ஷேப் லேயருக்கு (நாமளே வரையற வட்டம், கட்டம்) மட்டும் பழைய முறையையே விட்டு வெச்சிருந்தாங்க. மாலை படத்துக்கு ஒரு சட்டம், மாலையைச் சுத்தி வரைஞ்ச வட்டத்துக்கு ஒரு சட்டம். அதையும் ஒரே மாதிரி ஆக்கினது அடுத்த வருஷ வெர்ஷன்லதான்.

4 ஜூன், சாயங்காலம்

ஓசூர்க்காரர் ஒருத்தர் "பழைய முறைக்குத் திரும்ப டிக் பாக்ஸ் இருக்கே"ங்கிறார். இருக்கு. ஆனா டிரான்ஸ்ஃபார்முக்கு அந்த டிக் பாக்ஸ் 2019 நடுவுலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள்ள போய், கையால ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி, அதுல ஒரு வரி எழுதி வைக்கணும். காவேரிப்பட்டினத்துல கடை வெச்சிருக்கிற டிசைனருக்கு இதை யார் போய்ச் சொல்றது? கன்ட்ரோல் இசட்டுக்கு அப்பவே கீபோர்டு ஷார்ட்கட் பெட்டிக்குள்ள லெகசின்னு (பழைய முறை) ஒரு டிக் இருந்துச்சு. அது இருக்கிறது தெரிஞ்சாத்தானே போடறது.

7 ஜூன்

சொந்தக் கதை ஒண்ணு. எந்த சாஃப்ட்வேர்னு பேர் சொல்ல மாட்டேன். சொன்னா பேச்சு பூரா அது ஒசத்தியா இது ஒசத்தியான்னு போயிடும்.

மாங்காய் சீசன் உச்சத்துல இருந்த நேரம். செந்தூராவும் அல்போன்சாவும் மண்டிக்கு வந்து இறங்கிக்கிட்டு இருக்கு. பெங்களூராவுக்கு லேபிள் வேண்டாம், அது பாதிக்கு மேல கூழ் ஃபேக்டரிக்குப் போயிடும். செந்தூரா அப்படியில்ல, பெட்டிக்கு ஸ்டிக்கர் இல்லாம லாரி ஏறாது. லேபிள் லேஅவுட் வருஷா வருஷம் ஓடற பழைய ஃபைல்தான். தேதியை மாத்து, பிரிண்ட் கொடு, டை வெட்டுக்கு (லேபிள் வடிவத்துல அச்சு வெச்சு வெட்டறது) அனுப்பு, அவ்வளவுதான்.

ராத்திரியில சாஃப்ட்வேர் தன்னால அப்டேட் ஆகியிருக்கு. காலையில திறந்தா எல்லாம் அதே மாதிரிதான் இருந்துச்சு. பிரிண்ட் பெட்டியும் அதே பெட்டி. ஆனா நான் வெச்சிருந்த நூறு சதவீத அளவு போய், பேஜுக்குள்ள அடக்குன்னு டிக் விழுந்திருக்கு. பல வருஷமா எண்டர் தட்டியே பழகின இடம், அதையெல்லாம் யார் நின்னு படிப்பா? ஷீட்டு சல்லுசல்லுன்னு வந்துச்சு. கலர் பிரமாதம். டை வெட்டறவர்தான் போன் பண்ணார். "அண்ணா, மாங்கா இலை மேலயே வெட்டு விழுது, பாக்கறீங்களா?" அளவு கொஞ்சமே கொஞ்சம் சுருங்கியிருக்கு. முதல் லேபிள்ல தெரியல. வரிசையில தள்ளிப்போகப் போக வித்தியாசம் கூடிக்கிட்டே போய், கடைசி லேபிள்ல செந்தூராங்கிற எழுத்துல ரா பாதி அந்தப் பக்கம் போயிடுச்சு.

ஸ்டிக்கர் ஷீட்டுக்கான காசு என் தலையில. மண்டிக்காரர் கிட்ட அப்டேட் ஆயிடுச்சுங்கன்னு சொன்னேன். "எதுங்க ஆச்சு?"ன்னார்.

8 ஜூன்

இல்ல, பேர் கேட்காதீங்க.

15 ஜூன்

ஊத்தங்கரைக்காரர் பேஜ்மேக்கர் (பக்கம் அமைக்கிற பழைய சாஃப்ட்வேர்) காலத்தைக் கிளறிவிட்டார். அதனால கொஞ்சம் தள்ளிப்போய் பேசறேன், பொறுத்துக்குங்க.

நான் வேலை கத்துக்கிட்ட முதலாளி அச்சுக் கோர்த்த காலத்து ஆளு. ஈய எழுத்து, அதைக் கட்டம் கட்டமா போட்டு வைக்கிற கேஸு, கையில பிடிச்சுக் கோர்க்கிற கம்போசிங் ஸ்டிக்குன்னு வாழ்ந்தவர். 1978-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்துச்சே, லை, னை, ணா, றா எல்லாம் இப்ப எழுதற மாதிரி ஆனது. அதுவும் ஒரு அப்டேட்தானே, அப்போ உங்களுக்குக் கஷ்டமா இல்லையான்னு ஒரு தடவை கேட்டேன். "கேஸுல கட்டம் குறைஞ்சுதுடா, கைக்கு என்ன கஷ்டம்?"ன்னார். யானைத் துதிக்கை மாதிரி சுழிச்ச லை-க்குத் தனி அச்சு தேவையில்ல, எல்லாத்துக்கும் போடற அதே ஐகாரக் கொம்பை எடுத்து ல-வுக்கு முன்னாடி வெச்சா தீர்ந்தது. படிக்கிறவங்களுக்குப் பழசும் புரிஞ்சது, புதுசும் புரிஞ்சது. இதை நான் அப்பப்ப நினைச்சுப் பார்ப்பேன். மாத்தம்னாலே நமக்கு ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு இதுதான் என் பதில்.

அவர் கடையில டிடிபி வந்தப்போ உக்காந்தவங்க எல்லாம் தட்டச்சுப் பயிலகத்துல லோயர், ஹையர் பாஸ் பண்ணினவங்க. பழைய டைப்ரைட்டர் விசைப்பலகைதான் அவங்களுக்குக் கை. 1999-ல தமிழ்99 விசைப்பலகை வந்துச்சு, அரசாங்கமே அறிவிச்சது, கத்துக்கவும் சுலபம். ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி டிடிபி கடைகள்ல டைப்ரைட்டர் முறையில அடிக்கிறவங்க நிறைய பேர். யாரும் அவங்களைத் தடுக்கல. தமிழ் அடிக்கிற பல மென்பொருள்ல ரெண்டு முறையும் உள்ளயே இருக்கும், எது வேணுமோ எடுத்துக்கலாம். டிசைன் சாஃப்ட்வேர் பண்றவங்க கிட்ட நான் கேக்கறதும் அவ்வளவுதான்.

எழுத்துருவைப் பத்தி ஆரம்பிச்சா விடிஞ்சிடும், சுருக்கமா சொல்லிடறேன். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல, அதுக்கப்புறம் புது வெர்ஷனே இல்ல. நம்ம ஆளுங்க அதுல பழைய எழுத்துருக்களை வெச்சு வாக்காளர் நோட்டீஸ்ல இருந்து கோயில் மலர் வரைக்கும் அடிச்சுத் தள்ளியிருக்காங்க. அந்த ஃபைலை, பக்கம் அமைக்கிற இன்னொரு சாஃப்ட்வேரான இன்டிசைன்ல சிஎஸ்6 வெர்ஷன் வரைக்கும் திறக்கலாம். அடுத்து வந்த சிசி வெர்ஷன் திறக்காது. அப்புறம் டைப் 1-ங்கிற பழைய வகை எழுத்துரு. அதை போட்டோஷாப் 2021-ல கைவிட்டுச்சு, இன்டிசைனும் இல்லஸ்ட்ரேட்டரும் 2023 ஜனவரியில கைவிட்டுச்சு. ரொம்ப முன்னாடியே அறிவிச்சுட்டுத்தான் செஞ்சாங்க, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா பீரோவுல சிடியா கிடக்கிற எழுத்துரு டைப் 1-ஆ ட்ரூடைப்பான்னு எத்தனை கடைக்காரருக்குத் தெரியும்?

16 ஜூன்

நேத்து ரொம்ப எழுதிட்டேன்னு அரூர் தம்பி கிண்டல் பண்றாரு. சரி, சின்னதா ஒண்ணு.

கோரல்ல கன்ட்ரோல் க்யூ அழுத்தினா எழுத்து கர்வ்ஸ் ஆகும், அதாவது எழுத்துரு இல்லாமலே தெரியற வெறும் கோட்டு வடிவமா மாறிடும். போட்டோஷாப்புல கன்ட்ரோல் க்யூ அழுத்தினா கடையைச் சாத்திட்டுப் போயிடும். ரெண்டையும் பக்கம் பக்கமா திறந்து வெச்சு வேலை செய்றவன் நான். சேவ் பண்ணட்டுமான்னு அது கேக்கும்போதெல்லாம் தெய்வமேன்னு கும்பிடுவேன்.

29 ஜூன்

"காசு வாங்கற கம்பெனிங்கதான் இப்படி, இலவச சாஃப்ட்வேருக்கு மாறிடுங்க"ன்னு ஒருத்தர். அப்படியெல்லாம் இல்லீங்க.

இலவசமா கிடைக்கிற படம் திருத்தற சாஃப்ட்வேர் கிம்ப், அதுல 2.8 வெர்ஷன் 2012-ல வந்துச்சு. அதுவரைக்கும் ஜேபெக் படத்தைத் திறந்து திருத்தி கன்ட்ரோல் எஸ் அடிச்சா ஜேபெக்காவே சேவ் ஆகும். 2.8-ல சேவ்னா அதோட சொந்த ஃபார்மேட்ல மட்டும்தான், ஜேபெக் வேணும்னா எக்ஸ்போர்ட்னு தனியா போகணும். காரணம் நியாயமானதுதான், லேயர் (அடுக்கடுக்கா வெச்சுச் செஞ்ச வேலை) அழியாம இருக்கும். ஆனா பாஸ்போர்ட் போட்டோ வெட்டித் தர்றவருக்கு லேயர் எதுக்கு?

இங்க்ஸ்கேப்னு கோரல் மாதிரியே ஒரு இலவச சாஃப்ட்வேர், அதோட கதை இன்னும் நல்லா இருக்கும். 2017 ஜனவரியில வந்த 0.92-ல ஒரு அங்குலத்துக்கு 90 பிக்சல்னு இருந்த கணக்கை 96-ன்னு மாத்தினாங்க. வெப் தரத்தோட ஒத்துப்போறதுக்காக. பழைய கணக்குல மூன்றரை அங்குல விசிட்டிங் கார்டுக்கு 315 பிக்சல். அதையே 96-ஆல வகுத்துப் பாருங்க, 3.28 அங்குலம். ஆனா ஒண்ணு, பழைய ஃபைலைத் திறந்தா நிறுத்தி, இது பழைய கணக்கு, என்ன செய்யட்டும்னு கேட்டுச்சு. என் மாங்காய் லேபிளுக்கு அப்படி ஒரு வார்த்தை யாராவது கேட்டிருந்தா போதும்.

என்னைக் கேட்டா இந்த விஷயத்துல ஒழுங்கா நடந்துக்கிட்டது பிளெண்டர். நம்ம டிடிபிக்கு அது உதவாது, முப்பரிமாண வேலைக்கானது, ஓசூர்ல என் மச்சான் பையன் வெச்சிருக்கான். அதுல வருஷக்கணக்கா வலது கிளிக்தான் செலக்ட். புதுசா வர்றவன் எல்லாம் திட்டுவான். 2019 ஜூலையில 2.80 வந்தப்போ இடது கிளிக்கை இயல்பாக்கினாங்க. ஆனா முதல் தடவை திறந்த உடனே முன்னாடியே ஒரு பெட்டி: எந்த கிளிக்ல செலக்ட் பண்ணணும், ஸ்பேஸ் பார் எதுக்கு வேணும்னு கேட்டுடும். பழைய ஆளு வலதுன்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கலாம். டெக்ஸ்ட் ஃபைல் எழுத வேண்டாம், எங்கயும் தோண்ட வேண்டாம்.

விண்டோஸ் 8-ல ஸ்டார்ட் பட்டனைத் தூக்கிட்டு 8.1-ல திரும்பக் கொண்டுவந்து வெச்சதை நான் சொல்லணுமா என்ன.

12 ஜூலை

ரெண்டாவது யோசனை ஒண்ணு வந்திருக்கு.

கடைக்கு ஒரு பொண்ணு வேலைக்குச் சேர்ந்திருக்கா, பர்கூர் பக்கம், டிப்ளமோ முடிச்சவ. நல்லா செய்றா. மத்தியானம் நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள என் சிஸ்டத்துல உக்காந்து ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனரை எடுத்திருக்கா. வந்து பார்த்தா முழிச்சிக்கிட்டு இருக்கா. "அண்ணா, இந்த சிஸ்டத்துல கன்ட்ரோல் இசட் கெட்டுப்போச்சுங்கண்ணா. பின்னால போவுது, உடனே திரும்ப வந்துடுது."

கெட்டுப்போகல, நான்தான் லெகசி டிக் போட்டு வெச்சிருக்கேன். விளக்கிச் சொன்னேன். பழைய காலத்துல இப்படித்தான்மான்னு. "இதை வெச்சு எப்படிங்கண்ணா வேலை செஞ்சீங்க?"ன்னு நிஜமாவே கேட்டா. ஷிப்ட்டும் அப்படித்தான், அவ ஒண்ணும் பிடிக்காமயே இழுக்கறா, சாமி படம் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீளுது.

அவ பக்கம் நின்னு பார்த்தா 2018-ல மாத்தினது சரி. கன்ட்ரோல் இசட் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருந்தா புதுசா வர்றவங்களுக்கு ஒரு பாரம் குறையுது, போன்ல டிசைன் ஆப் பழகினவங்களுக்கும் அதே. முதலாளி சொன்ன கேஸுல கட்டம் குறையற கதைதான். இப்ப என் டிக் பாக்ஸ்தான் கடைக்குள்ள ஷிப்ட் கீ சண்டைக்குக் காரணம். தருமபுரிக்காரருக்கு இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். மாத்தினதுல தப்பில்ல. சொல்லாம மாத்தினதுலயும், திரும்பிப் போற வழியைப் பல மாசம் கழிச்சுத் திறந்ததுலயும்தான் எனக்குக் கோவம்.

இப்போதைக்கு விண்டோஸ்ல அவளுக்குத் தனி யூசர் போட்டுக் கொடுத்துட்டேன். என் செட்டிங் எனக்கு, அவ செட்டிங் அவளுக்கு.

13 ஜூலை

"நீங்களே புது முறைக்கு மாறிட்டா என்ன?"

மாறலாம். கை கேட்கணுமே.

30 ஜூலை

ஆடிப்பெருக்கு வேலை தலைக்கு மேல ஓடுது, ஒகேனக்கல் போற வழி பூரா பேனர் கேக்கறாங்க. ஆனாலும் இதைச் சொல்லியே ஆகணும்.

நாம அப்டேட் பண்ணாம இருந்தா மட்டும் போதாது, சங்கிலியில இருக்கிற எல்லாரும் பண்ணாம இருக்கணும். நான் டிசைன் பண்றேன், பிளெக்ஸ் ஓட்டறது வேற ஒருத்தர், அட்டை அடிக்கிறது சிவகாசி. கோரல் ஃபைலைப் புது வெர்ஷன்ல சேவ் பண்ணினா பழைய வெர்ஷன் திறக்காது. அதனாலதான் எந்த பிரஸ்ஸுக்குப் போன் பண்ணாலும் ஒரே மந்திரம்: "லோ வெர்ஷன்ல சேவ் பண்ணி, கர்வ்ஸ் பண்ணி அனுப்புங்க." வருஷங்கள் ஓடியும் இந்த மந்திரம் மாறல. கர்வ்ஸ் பண்ணினா எழுத்துரு பிரச்சனை தீரும், ஆனா கடைசி நேரத்துல முகூர்த்த நேரம் தப்புன்னு போன் வந்தா அவங்க அங்க திருத்த முடியாது. அதனால கர்வ்ஸ் பண்ணாத காப்பி ஒண்ணு நம்மகிட்ட தனியா இருக்கணும். இதை எழுதறது புதுசா கடை போடற பசங்களுக்காக.

லோ வெர்ஷன்ல சேவ் பண்ணும்போது புதுசுல மட்டும் இருக்கிற எஃபெக்ட் கலைஞ்சு போகலாம். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க.

6 ஆகஸ்ட்

நிறைய பேர் அப்போ நீங்க என்னதான் பண்றீங்கன்னு கேட்டதால.

சீசன்ல அப்டேட் கிடையாது. தை, மாசி எருது விடும் விழா, மயானக் கொள்ளை, அப்புறம் வைகாசி முகூர்த்தம், மாங்காய், இது முடியற வரைக்கும் ஆட்டோ அப்டேட் ஆஃப்ல இருக்கும். பண்றப்பவும் பழைய வெர்ஷனை அழிக்க விடறதில்ல. அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குள்ள பழசை நீக்குன்னு டிக் ஏற்கெனவே விழுந்திருக்கலாம், அதை எடுத்துட்டுத்தான் ஓகே. ரெண்டும் ஒரே சிஸ்டத்துல இருக்கட்டும். ஷார்ட்கட், வொர்க்ஸ்பேஸ் (ஸ்கிரீன்ல பேனல் எல்லாம் அடுக்கி வெச்ச விதம்) ரெண்டையும் ஃபைலா எடுத்து பென் டிரைவ்ல வெச்சுக்கறேன். சாஃப்ட்வேரே குழம்பிப்போய் பேனல் எல்லாம் எங்கெங்கயோ கிடந்தா, கோரலைத் திறக்கும்போது எஃப்8-ஐப் பிடிச்சுக்கிட்டா ஆதி நிலைக்கு வந்துடும். போட்டோஷாப்புக்கு கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூணும். ஆனா நீங்க பார்த்துப் பார்த்து வெச்ச செட்டிங்கும் அதோட போயிடும், அதுக்குத்தான் பென் டிரைவ்.

அப்டேட் ஆன அன்னைக்கு முதல் பிரிண்ட்டை ஸ்கேல் வெச்சு அளக்காம அடுத்த ஷீட்டு ஓட்டறதில்ல. இது ஏன்னு மேல படிச்சிருப்பீங்க.

15 அக்டோபர்

விண்டோஸ் 10-க்கு நேத்தோட ஆதரவு முடிஞ்சது. ஊத்தங்கரைக்காரர் கேட்டிருக்கார்: பேஜ்மேக்கர் ஓடற பழைய எக்ஸ்பி மெஷின் ஒண்ணு இருக்கு, எல்லாத்தையும் புதுசாக்கறதா, அதை வெச்சுக்கறதா?

வெச்சுக்குங்க அண்ணா, ஆனா இன்டர்நெட் வயரைப் பிடுங்கிடுங்க. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல்லயே ஆதரவு போச்சு, அதுல பென் டிரைவ் போடறதுக்கு முன்னாடி வேற மெஷின்ல வைரஸ் பார்த்துடுங்க. அதைவிட முக்கியம், மெஷின் உயிரோட இருக்கும்போதே எந்த எந்த ஃபைல் திரும்பத் திரும்ப வருதோ அதை மட்டும் பிடிஎஃப்பா எடுத்துடுங்க. எல்லாத்தையும் எடுக்க உக்காந்தா பொங்கல் வந்துடும். கோயில் ரசீது புக், பள்ளிக்கூட டைரி, ரைஸ் மில் பில் புக், இதுல இருந்து ஆரம்பிங்க. எழுத்தை யூனிகோடுக்கு (இப்ப எல்லா இடத்துலயும் ஓடற பொது முறை) மாத்தணும்னா கன்வர்ட்டர் இருக்கு, ஆனா எந்த எழுத்துருவுல அடிச்சதுன்னு சரியா சொன்னாத்தான் தமிழா வரும், இல்லைன்னா புள்ளியும் சாய்கோடுமா குப்பை கொட்டும். புது இன்டிசைன்ல ஒட்டினதும் கொ, கே எல்லாம் கொம்பு பிரிஞ்சு தனித்தனியா நின்னா பதறாதீங்க. பாராகிராஃப் பேனல் மெனுவுல வேர்ல்டு ரெடி கம்போசர்னு இருக்கும், அதைப் போட்டா கொம்பு இடத்துல போய் உக்காந்துடும்.

ரசீது புக் ஃபைலை எனக்கு ஒண்ணு அனுப்பி வைங்க, எந்த எழுத்துருன்னு பார்த்துச் சொல்றேன். தீபாவளி போஸ்டர் வேலை முடியட்டும், அதுக்கப்புறம்.